குப்பம்மாள் கட்டிய மெட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வரலாற்று ஆராய்ச்சியில் பிறக்கவில்லை. சகாதேவனின் போனில் பிறந்தது.

சகாதேவன் சென்னையில் கிட்டார் பழுதுபார்ப்பவர். என் நைனாவின் சின்னக் கிட்டார் இப்போது அவருடைய மேஜையில் கிடக்கிறது. போன வாரம் கூப்பிட்டார்.

"மேடம், மூணாவது ஃபிரெட் எடத்துல யாரோ நண்டு வலை நைலான சுத்தி வெச்சிருக்காங்க. அறுத்துட்டு புதுசு போட்டுடட்டா?"

"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்தேன். வைத்தவள் யோசித்தேனா? பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்த காலத்தைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு பதிலைத் தள்ளிப்போட, முன்னூறு வருடம் பின்னால் ஓடிவிடுகிற வசதி என் தொழிலில் இருக்கிறது.

நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. பெயர் திருவேங்கடம். பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற குடும்பம். அவர் மட்டும் மீஞ்சூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். கூட வேலை பார்த்த சாலமன் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கிட்டார் அது. பயணத்துக்கென்றே செய்த சின்ன ரகம். ரயிலில் மடியில் வைத்தால் பக்கத்து ஆளின் விலாவில் இடிக்காது. பொன்னேரியில் ஏறி உட்கார்ந்ததும் உறையைக் கழற்றுவார். அனுப்பம்பட்டு வருவதற்குள் பல்லவி முடிந்திருக்கும். நான் சென்னைக் கல்லூரிக்குப் போனதும் அதே வண்டியில்தான். வெட்கமாக இருக்கும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இன்றைக்கு அந்த வண்டியில் ஒரு தடவை உட்காரக் கிடைத்தால் போதும் எனக்கு.

போன வருடம் நைனா போய்விட்டார்.

2

ஆரம்பங்கள்.

"கி.பி. 1690. டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டைக் கொத்தளத்தில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்த வேளையில்..." வேண்டாம். கொத்தளம் வந்தால் அடுத்த வரியில் புரவி வரும், அதற்கடுத்த வரியில் ஒற்றன் வருவான்.

"ஏரியில் பூநாரைகள்..." வேண்டவே வேண்டாம். பழவேற்காடு என்றாலே பறவையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாங்களும் அங்கே இருக்கிறோம்.

"குப்பம்மாளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது." இது இருக்கட்டும்.

3

குப்பம்மாளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இறால் வலை பின்னுவாள். புருஷன் ஜான் கோட்டையில் சிப்பாய். அவன் அப்பன் டச்சுக்காரன், அம்மா இந்த ஊர்க்காரி. அப்பன் கப்பலேறி வந்தபோது பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குட்டிக் கிட்டார் கொண்டுவந்திருந்தான். அது இப்போது ஜானிடம் இருந்தது. (அப்படி ஒன்று இங்கே வந்ததற்கு என்னிடம் ஆதாரம் ஏதும் கிடையாது. கேட்காதீர்கள்.) ஜான் உருப்படியாக வாசித்தது ஒரே ஒரு பாட்டு. கைக்குழந்தை அம்மணி அதைக் கேட்டால்தான் தூங்குவாள்.

1690-ஆம் வருடம் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். ஜானுக்கும் உத்தரவு வந்தது.

"எப்ப வருவ?" என்றாள் குப்பம்மாள்.

"சொல்ல மாட்டானுங்க. கிட்டார நீயே வெச்சிக்கோ. தெனம் இத வாசி."

"எனுக்கு இன்னா தெரியும்?"

"என் வெரல பாத்துக்கினு தான இருந்த? அது போதும். நான் வர்றப்ப படகுல நின்னுக்கினு இதே பாட்ட சீட்டி அடிப்பேன். என் மூஞ்சி கொழந்தைக்கு ஞாபகம் இருக்காது. பாட்டு இருக்கும். கேட்டதும் ஓடி வருவா."

"வர்லன்னா?"

(இங்கே ஜான் அழகாக ஒரு வசனம் பேசினான். அடித்துவிட்டேன். அவன் படகு ஏறினான்.)

[அக்காலத்துப் பழவேற்காட்டில் எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருப் பேச்சைக் கடனாகக் கொடுத்திருக்கிறேன்.]

இதுவரை எழுதியதைக் கரீமாவிடம் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது பழவேற்காட்டிலேயே துணிக்கடை வைத்திருக்கிறாள். என் கதைகளுக்கு முதல் வாசகி, முதல் எதிரியும் அவள்தான்.

"அவளயும் கூட்டினு போவ வேண்டியதுதானடி?"

"கப்பல்ல சிப்பாய்க்கு மட்டுந்தான் எடம்."

"கப்பல்ல எடம் இருக்கும். உன் கதையிலதான் இல்ல" என்றாள்.

4

இனி வருவதுதான் கதை. இதற்கு உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

விரலை எங்கே அழுத்த வேண்டும் என்று கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் இருக்குமே, அதைத்தான் ஃபிரெட் என்கிறார் சகாதேவன். வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். அந்தக் காலத்துக் கிட்டாரில் மெட்டு என்பது உலோகக் கம்பி இல்லை. ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு. கழுத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டிருப்பார்கள். மெட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் மேலிருந்து கீழே வரவரக் குறைந்துகொண்டே போகும். அப்படி இருந்தால்தான் சுரம் சரியாக நிற்கும்.

ஐப்பசி மழையில் குடல் நரம்பு ஊறியது. மிச்சத்தைக் கரப்பான் தின்றது. மெட்டுகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன. அம்மணி தூங்க மாட்டேன் என்று கத்தினாள்.

குப்பம்மாள், தண்ணீரில் மக்காமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றிய வலைக் கயிற்றை எடுத்தாள். மெட்டுகள் இருந்த இடத்தில் மரத்தில் தழும்பு தெரிந்தது. உற்றுப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று இடைவெளி சரியாக இல்லை. வரவர ஒடுங்கிப்போயிருந்தது.

"இன்னா மனுஷன், கண்ணிய இப்டியா கட்டி வெப்பான்" என்றாள்.

அவள் அறிந்தவரை வலையின் கண்ணி என்றால் எல்லாம் ஒரே அளவு. ஒன்று பெருத்தால் அது வழியாக இறால் போய்விடும். வலைக்கு அளவு பார்க்கிற மூங்கில் பட்டையை எடுத்துவந்தாள். கழுத்தில் வைத்து வைத்து, எல்லா மெட்டையும் ஒரே சீராகக் கட்டினாள். தப்பைச் சரிசெய்துவிட்ட திருப்தி அவளுக்கு.

வாசித்தாள். பாட்டு எங்கோ கோணிக்கொண்டு போனது. தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்து மறுபடி வாசித்தாள். அம்மணி தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாட்டு என்றால் அதுதான்.

[மெட்டுக் கட்டுவது என்று நாம் சொல்வது புதுப் பாட்டுக்கு இசை போடுவதை. குப்பம்மாள் கயிற்றால் மெட்டுக் கட்டினாள், தெரியாமலே மெட்டும் கட்டிவிட்டாள். இந்தச் சிலேடை தற்செயலாக வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இதற்காகத்தான் கதையே.]

5

முடிவுகள்.

(அ) ஜான் வருகிறான். அம்மணிக்கு ஏழெட்டு வயது. படகில் நின்று சீட்டி அடிக்கிறான், சரியான பாட்டை, ஒரு சுரம் பிசகாமல். கரையில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த அம்மணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அது யாரோ ஒருவருடைய பாட்டு.

இதை எழுதிவிட்டு அழுதேன். ஆகவே இது முடிவாக இருக்கக் கூடாது.

(ஆ) ஜான் வரவேயில்லை. நாகப்பட்டினத்தில் காய்ச்சலில்...

"தே, வர வையிடி" என்றாள் கரீமா.

(இ) ஜான் வருகிறான். குப்பம்மாள் அவனை அடையாளம் கண்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். கிட்டாரைப் பார்த்ததும், "மெட்டெல்லாம் தப்பா கெடக்குது" என்று சொல்லி, கயிறுகளை அறுத்து, சரியான இடத்தில் கட்டி வாசிக்கிறான். அம்மணி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது இல்ல, இது இல்ல" என்று...

இந்த இடத்தில் கரீமா கையை நீட்டித் தாளை மூடினாள்.

"உங்க நைனா பாடுவாரே ஒரு பாட்டு. ஒரு எடத்துல கொரல் எறங்குமே. அது தப்பா பாடுனதா?"

அந்தப் பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு பழைய சினிமாப் பாட்டு. நீங்கள் சரியான வடிவத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அவருடைய கிட்டாரில் மூன்றாவது ஃபிரெட் உதிர்ந்தபோது மரமும் சேர்ந்து சிதைந்துவிட்டது. அதே இடத்தில் நைலான் நிற்கவில்லை. நைனா கொஞ்சம் மேலே தள்ளிக் கட்டினார். அந்தச் சுரம் ஒரு மயிரிழை இறங்கிப்போனது. அவருக்குக் காது உண்டு, தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் கிட்டாரை மாற்றவில்லை. அந்த இடம் வரும்போது தன் குரலை இறக்கிக்கொண்டார். நரம்பைத் தனியாக விடாமல் கூடவே போனார். எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும். ஒரு கல்யாணத்தில் இசைக்குழு அதைச் சரியாகப் பாடியபோது, பாடத் தெரியாதவர்களைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன்.

நைனாவின் குரலை யாரும் பதிவு செய்யவில்லை. அது இறங்கிய இடம் மட்டும் ஒரு முழம் நைலானில் கட்டிக் கிடக்கிறது.

6

இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது சகாதேவன் மறுபடி கூப்பிட்டார். நிஜமாகவே.

"மேடம், இன்னா பண்ணட்டும்? அறுத்துடட்டா?"

"அறுக்காதீங்க. பழைய ஸ்டிரிங்க மட்டும் மாத்திக் குடுங்க."

"சுருதி சேராது மேடம்."

"சேரும். பாடுறவங்க கொஞ்சம் எறங்கி வரணும்."

"சரி மேடம், சனிக்கெழம வந்து வாங்கிக்கோங்க" என்றார்.

ஆக, என் பதிலைச் சொல்லிவிட்டேன். பாக்கி இருப்பது ஜான். மூன்று முடிவையும் அடித்துவிட்டதால் அவன் இன்னும் கரைக்கு வரவில்லை. படகில் நிற்கிறான். கரையில் அம்மணி குனிந்து நண்டு பொறுக்குகிறாள். அவன் உதட்டைக் குவித்துவிட்டான். அவனுக்குத் தெரிந்தது சரியான பாட்டு. அதை அடித்தால் அவள் நிமிர மாட்டாள். குப்பம்மாள் கட்டிய மெட்டுக்குக் கொஞ்சம் இறங்கி வர வேண்டும் என்று அவனிடம் சொல்ல அந்தப் படகில் யாரும் இல்லை. குப்பம்மாளுக்குத் தான் தப்பாகக் கட்டியதே தெரியாது. நானும் பேனாவை மூடிவிட்டேன்.

விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான். சொல்லுங்கள் அவனிடம், சீக்கிரம், மூச்சை இழுத்துவிட்டான்.