உப்பு போடாத சோறு

திருமுருகன் குனிந்து நாயின் வாயருகே இருந்த தொன்னையை வெடுக்கென்று இழுத்தார். சாம்பார் வேட்டியில் கொட்டியது.

"வெங்காயம் கீது இதுல. குடுக்காதீங்க."

நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இட்லியைப் பிட்டுப் போட்ட உறவுக்காரப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

உள்ளே ஐஸ் பெட்டியில் அவர் மனைவி ரமாபாய் படுத்திருந்தாள். நேற்று மத்தியானம் துணி காயப்போட மாடிக்கு ஏறியவள் நடுப்படியில் உட்கார்ந்தாள். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆட்டோ ஆஸ்பத்திரியைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது.

நாய் சோனா அப்போதிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. போன வருஷம் யாரோ போட்ட பிரியாணியைத் தின்றுவிட்டு மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடந்தது. வெங்காயம், பூண்டு கண்ணிலேயே காட்டக்கூடாது என்றார் டாக்டர். பாக்கெட் தீனியை மட்டும் எத்தனை நாள் தின்னும் என்று ரமாபாய் தானே ஆக்க ஆரம்பித்தாள். ஒருநாள் முட்டை, ஒருநாள் கோழி, ஒருநாள் பூசணிக்காய். அன்றைக்கு என்ன ஆக்கினாள், நாய் எப்படித் தின்றது என்று சாப்பிடும்போது சொல்வாள். கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்த திருமுருகன், போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார்.

சமையலறைக்குள் போனவரை அவருடைய அக்கா மறித்தாள்.

"இன்னாடா தேடுற?"

"குக்கரு. சோனாவுக்குக் கோழி வேக வைக்கணும்."

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? பொணம் வூட்ல கீது. அடுப்பே மூட்டக்கூடாது, இவன் கறி ஆக்கறானாம்!"

பெட்டியின் தலைமாட்டிலிருந்து மகள் மதி நிமிர்ந்தாள். காலையில்தான் புனேயிலிருந்து வந்திருந்தாள். "வுடு அத்த" என்றாள்.

பக்கத்து வீட்டு ரசூல் பீவி எழுந்து வந்தாள். "எங்க வூட்டுக்கு வாண்ணே. ஃபிரிட்ஜுல கோழி கீது."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் குக்கர் பக்கத்தில் நின்றார்.

"அவ எப்டி ஆக்குவா?"

ரசூல் பீவி அவரை ஒரு தடவை பார்த்தாள். "உப்பு, மசாலா ஒண்ணும் கெடையாதுண்ணே. கறி, அரிசி, ரெண்டு துண்டு கேரட்டு. வெந்ததும் எலும்பெல்லாம் பொறுக்கிடுவா. வெந்த எலும்பு ஒடஞ்சி கொடலக் குத்துமாம். செவுத்துக்கு அந்தாண்டையிலருந்து எல்லாம் சொல்லிகினே இருப்பா."

ஆவி பறக்கும் கறியைத் தட்டில் கொட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விரல் சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தும் கையை எடுக்கத் தோன்றவில்லை. வெளியே மேளம் ஆரம்பித்தது.

வாசலில் மதி வந்து நின்றாள். "அப்பா, வண்டி வந்துடுச்சி." எண்ணூர் ரோட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு மணி நேரமாக மாட்டிக்கிடந்த வண்டி.

"ரெண்டு நிமிஷம்."

அவள் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். இருவரும் கறியைப் பிய்த்தார்கள்.

"இங்க ஒண்ணு வுட்டுட்ட பாரு" என்று ஊசி போன்ற ஓர் எலும்பை எடுத்து ஓரத்தில் வைத்தாள். அவர் பிய்த்து வைத்ததை எல்லாம் மறுபடி ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார்.

தெருவிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "தூக்கப் போறாங்க, எங்கடா போன?"

சோற்றோடு பிசைந்து, சூடு ஆறியதா என்று புறங்கையில் வைத்துப் பார்த்தார். மேளம் ஆரம்பித்ததும் யாரோ வீட்டுப் பின்பக்கத்தில் கட்டிவிட்டிருந்த சோனாவின் முன்னால் கிண்ணத்தை வைத்தார். அது முகர்ந்துவிட்டு அவரைப் பார்த்தது. தின்கிறதா என்று பார்க்க நேரமில்லை. கையைக் கழுவிக்கொண்டு தூக்கப் போனார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, ஈர வேட்டியோடு பின்பக்கம் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சோறும் கறியும் இல்லை. கேரட் துண்டுகளை மட்டும் சுத்தமாக நக்கிவிட்டுக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தது சோனா.

சுவருக்கு அந்தப் பக்கம் ரசூல் பீவி நின்றிருந்தாள்.

"கேரட்ட துன்னாதா இது?"

"துன்னுமேண்ணே..." யோசித்தாள். "ஆங், மசிச்சிக் கலந்துடுவா. முழுசா கீதுன்னா ஒதுக்கிடும். எனக்கும் அப்ப ஞாபகம் வர்ல."

திருமுருகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கையை நீட்டினார். சோனா கொஞ்ச நேரம் முகர்ந்தது. பிறகு நக்கியது.

அவர் அடுத்த துண்டை எடுத்தார்.