அசுகம் மாறி

நல்லசிவம் நாலரைக்கு எழுந்தான். அடுப்பைப் பற்றவைத்தான். பச்சரிசிக் கஞ்சி வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றி, மூடியைத் துண்டால் இறுக்கிக் கட்டினான். ஆஸ்பத்திரியில் தரும் சிவப்பரிசிச் சோற்றை மகள் ஆவுடை தொடுவதில்லை. ஆறு மணிக்கு மட்டாஞ்சேரி ஜெட்டியில் முதல் போட். எறணாகுளத்தில் இறங்கி, வார்டு வாசலில் ஆயாவிடம் சட்டியைக் கொடுத்துவிட்டு, எட்டரைக்குக் கொச்சங்காடி இஞ்சிக் கிட்டங்கியில் மூட்டை தூக்க நிற்க வேண்டும்.

வராந்தாவில் பாய்விரித்துப் படுத்திருக்கும் ஒரு சிறுமியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அதற்கு மேல் அவனை விடமாட்டார்கள். ஆண்களுக்கு மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் அனுமதி. அந்த நேரம் அவன் முதுகில் மூட்டை இருக்கும். மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தான்.

ஆவுடைக்கு எட்டு வயது. இரத்தப் புற்றுநோய். மருந்தும் பாலும் முட்டையும் ஒரு தர்ம சங்கத்தின் செலவு. சங்கத்துக்கு அந்த வார்டில் ஆறு கட்டில்கள்; ஒன்றும் காலியில்லை. எந்த நோய்க்கு உதவி என்று மஞ்சள் அட்டையில் எழுதித் தந்திருந்தார்கள். அட்டை எப்போதும் அவன் சட்டைப் பையில் இருந்தது.

அன்று வாசலில் சங்கத்துக்காரர் ராமபத்ரன் நின்றார். அவனைக் கண்டதும் குடையை ஆட்டினார்.

"நல்லசிவமே, குட்டியுடெ அசுகம் மாறி, கேட்டோ! வைகுந்நேரம் வரணும்."

போட்டுக்கு ஓடும் அவசரம். "சரி சார், சாயந்தரம் வாரேன்" என்றான். சிகிச்சைக்காகக் கொச்சிக்கு வந்து நான்கு மாதம்தான். அசுகம் என்றால் நோய் என்று தெரியும். மாறி என்பது தமிழ்தானே.

போன ஆண்டு ஊரில் டாக்டரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். அவன் மனைவியின் மஞ்சள்காமாலை வேறு நோயாக மாறிவிட்டது என்றார். ஒன்பதாம் நாள் அவள் இறந்தாள்.

கிட்டங்கியில் இஞ்சி புடைத்துக்கொண்டிருந்த ஜுமைலா அவனைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, இஞ்சி தின்ன கொரங்கு மாதிரி நிக்கிய? மொதலாளிக்குத் தெரியாம ஒரு துண்டு வாயில போட்டியளோ?"

"பிள்ளைக்கு நோவு மாறிட்டாம். வேற நோவு."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "படச்சவனே! அட்டையில பழைய நோவுல்லா எழுதியிருக்கு?"

"அதான். வேற நோவுன்னா சங்கத்துல தரமாட்டாவ."

"சாயந்தரம் போய்க் கேளுங்க. கால்ல விழுந்தாவது கேளுங்க."

மூன்று மணிக்குக் கிளம்பினான். மேஸ்திரி அரை நாள் கூலியை வெட்டினான்.

ஆவுடை கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் பூனைமயிர் போல முடி முளைத்திருந்தது. பக்கத்தில் ராமபத்ரன். நல்லசிவம் அட்டையை அவரிடம் நீட்டினான்.

"சார், புது நோவுக்கும் இதுலயே எழுதித் தருவியளா?"

"ஏது புதிய நோவு? எந்தா இது?"

"காலையில சொன்னீங்களே. மாறிட்டுன்னு."

ஆவுடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எப்பா! இவங்க பாஷையில மாறிட்டுன்னா போயிட்டுன்னு அர்த்தம். எனக்கு நோவு போயிட்டு!"

அடுத்த கட்டில்காரியும் சிரித்தாள். ராமபத்ரன் சிரிக்காமல் அவன் தோளைத் தொட்டார். இரத்தம் தெளிந்துவிட்டது, இன்னும் இரண்டு வருஷம் மாத்திரை உண்டு, அதையும் சங்கமே தரும், இன்றே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று மெதுவாக, தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்.

நல்லசிவம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எழுந்திருக்கவில்லை.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில், வராந்தாவில் படுத்திருந்த அந்த மெலிந்த சிறுமி. அக்குளில் சுருட்டிய பாய். அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடை கீழே குதித்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

"எப்பா, சட்டுனு எந்திரி. சஃபியா மூணு வாரமா தரையில கெடக்கா."