இரண்டு மணியும் ஓர் இறகு ஈயும்

கிட்டே வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கைக்கு வந்த மீன் எங்கே போனதென்று தெரியாமல் ஓர் அண்ணனும் தம்பியும் முழித்த கதை ஒன்று சொல்கிறேன்.

அண்ணன் ஆபிரகாம். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம், ஆட்கள் போய்வரும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர். கீழேயிருந்து கயிற்றை இழுத்து மணி அடிப்பார்கள். ஒரு மணி என்றால் நிறுத்த வேண்டும். இரண்டு என்றால் இறக்க வேண்டும். தம்பி டென்சில் இங்கிலாந்துக்குப் போய் இருபத்தைந்து வருஷம். அம்மா செத்தபோதுகூட வரவில்லை. இப்போதுதான் வந்திருந்தான். நடுவில் பிறந்த டெய்சி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"அம்மா கடைசியா கேட்டது பேத்தமங்களா ஏரி மீன் கொழம்பு. நீ வருவே, புடிச்சினு வருவேன்னு வழி பாத்துனே பூட்டாங்க. உன் கையால ஒரு மீன் புடிச்சினு வா. அப்புறம் என் வூட்டுப் படி மிதி."

அவன் விமானம் ஏற இன்னும் ஒரே நாள்தான் இருந்தது. அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக இருவரும் பேத்தமங்களா ஏரிக்கரையில் நின்றார்கள்.

டென்சில் ஒரு டப்பாவைத் திறந்தான். உள்ளே, கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த குட்டிக் குட்டி ஈக்கள்.

"இன்னாடா இது? மண்புழு எங்க?"

"புழு வேணாம்ண்ணா. அங்க எங்க வூட்டுகிட்ட பெரிய ஆறு ஒண்ணு ஓடுது. அதுல டிரவுட், கிரேலிங்னு மீனுங்க. எல்லாத்தையும் இந்தப் பொய் ஈய வெச்சே புடிப்பேன்."

தூண்டிலை ஓங்கினான். நூல் பின்னால் பறந்து, முன்னால் பறந்து, மறுபடி பின்னால் போனது. ஆபிரகாம் தலையைக் குனிந்துகொண்டார்.

"மீனு தண்ணியிலதானேடா இருக்குது? ஆகாசத்துல இன்னாத்த தேடற?"

சிரித்துக்கொண்டே டென்சில் அவர் கையில் தூண்டிலைக் கொடுத்தான். ஈ தண்ணீரில் மிதந்தது. சட்டென்று நூல் இழுத்தது, இரண்டு தரம். ஆபிரகாமின் கை தானாகவே நூலை விட்டது. கடகடவென்று இறங்கியது நூல். கொக்கி காலியாக வந்தது.

"ஏண்ணா வுட்டே?"

"ரெண்டு அடிச்சானே! எறக்க சொன்னான், எறக்கினேன்!"

சொன்ன பிறகுதான் யார் அடித்தது என்று அவருக்கே குழம்பிப் போயிற்று.

டென்சில் வாங்கி வீசினான். அரைமணி நேரத்தில் ஒரு கெண்டை, முழங்கை நீளம். ஆபிரகாம் கோணிப்பையை விரித்துப் பிடித்தார். டென்சில் மண்டியிட்டான், கையை நனைத்தான், கொக்கியைக் கழற்றினான், மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தான். கழுவுகிறான் என்றே ஆபிரகாம் நினைத்தார். அவன் விரல்கள் மெல்லப் பிரிந்தன.

"டேய்! மீனு எங்கடா?"

டென்சில் தன் வெறுங்கையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "அங்க புடிச்சா வுட்டுடணும்ண்ணா. கை பழகிப் போச்சி."

"வுடறதுக்கு எதுக்குடா புடிக்கறீங்க?"

டென்சில் மறுபடி தூண்டிலை வீசினான். வெயில் ஏறியது. அதற்கப்புறம் ஒரு மீனும் வரவில்லை.

"பங்காருபேட்டை சந்தையில ஒரு மீனு வாங்கினு போலாமா?" என்றார் ஆபிரகாம்.

"அம்மா பேர சொல்லி அக்காகிட்ட பொய் வேணாம்ண்ணா."

டெய்சி மசாலா அரைத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஆபிரகாம் மணியையும் ஈயையும் கழுவின மீனையும் ஒன்றாகக் குழப்பி ஏதோ சொல்லி முடித்தார்.

"ஒருத்தன் மணி அடிச்சிதுன்னு வுட்டானாம், ஒருத்தன் பழக்கம்னு வுட்டானாம். நல்லா கீதுடா உங்க கதை!"

டென்சில் படிக்குக் கீழேயே நின்றான். "புடிச்சேன் அக்கா. வெச்சிக்கத்தான் தெரியலே."

டெய்சி அவன் கையை வெடுக்கென்று இழுத்து மோந்து பார்த்தாள். பச்சை மீன் கவிச்சி. அந்தக் கையை அவள் வெகுநேரம் விடவில்லை.

"உள்ள வா," என்றாள். "கை கழுவாத. அம்மா படத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் நில்லு, அப்புறம் கழுவு. மசாலாவுக்குக் கத்திரிக்கா போட்டுக்கறேன்."

சாப்பிட்டு முடிக்கும்வரை ஆபிரகாமுக்குக் குழப்பம் தீரவில்லை. இது மீன் பிடித்த கணக்கா, பிடிக்காத கணக்கா? குழம்பு மட்டும் நன்றாக இருந்தது.

உங்கள் வீட்டுக் குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு, தூரம் போனவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து சேரட்டும், கண்ணுங்களா. வெறுங்கையோடு வந்தாலும், அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுக்க உங்கள் வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.