வெள்ளைக்கு அடியில் ஐந்து மீன்கள்

என் மாமியார் கமூனாவின் முற்றத்துச் சுவரில் ஐந்து நீல மீன்கள் இருந்தன. கொழுந்தன் சாசிக்கு அந்தச் சுவரின் மேல் கண். அதை இடித்து, தெருப்பக்கம் ஷட்டர் வைத்து, நகைக்கடை போட வேண்டும் என்று துடித்தான். எனக்கோ மீன்கள் வேண்டும். என் கணவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். கடைசியில் அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள்.

"துனிஸ்ல இருந்து வர்ற மேடம், இது காப்பாத்த வேண்டிய சுவர்னு சொன்னா நிக்கட்டும். இல்லேன்னா இவன் கடை வைக்கட்டும்."

அந்த மேடத்தின் பெயர் ரீம். எங்கள் ஜெர்பா தீவின் பழைய யூத வீடுகளைப் பதிவு செய்யும் சங்கத்தில் இருக்கிறார். மாலை ஓவிய வகுப்பில் சொல்லித் தந்தபடி மீன்களை அளந்து, வரைந்து, அவருக்கு அனுப்பியிருந்தேன். கீழே 'மிகப் பழையவை' என்று எழுதினேன். 'மிக'வை அடித்தேன். பிறகு மறுபடி சேர்த்தேன்.

எங்கள் எட்டு நாள் பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாள் வகுப்பிலிருந்து திரும்பினால், சுவர் பாலாய் வெளுத்திருந்தது. அத்தை கையில் சுண்ணாம்பு வாளி.

"அத்தை! மீன் எங்கே?"

"எங்கே போகும்? அடியிலதான் இருக்கு. பஸ்காவுக்கு வெள்ளை அடிக்காத வீடு நம்ம ஹாராக் குடியிருப்புல உண்டா?"

ஜர்ஜீஸில் என் பிறந்த வீட்டில் எண்ணெய் பெயின்ட். துடைத்தால் போதும். கல்யாணமாகி வந்த பிறகு எனக்கு இது முதல் பஸ்கா.

"அது எவ்வளவு பழசு தெரியுமா அத்தை?"

"தெரியாம என்ன? போன பஸ்கா முடிஞ்சு நான் வரைஞ்சதுதானே. வருஷாவருஷம் அடிப்பேன், வரைவேன். எனக்கு முன்னாடி என் மாமியார்."

ரீம் வருவதோ பண்டிகையின் நடுநாள் ஒன்றில். அந்த நாட்களில் தூரிகையைத் தொடக்கூடாது.

"பாரம்பரியம் குளிச்சுப் புதுத்துணி போட்டுக்கிட்டு நிக்குது அண்ணி," என்றான் சாசி. "மேடத்துக்கு எதைக் காட்டப் போறீங்க?"

ரீம் வந்தார். என் படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மீனெல்லாம்...?"

"லீவுல போயிருக்கும்மா," என்றாள் அத்தை. "பண்டிகை முடிஞ்சதும் வந்துடும். நீ உக்காரு, புளிப்பில்லாத அப்பம் சாப்பிடு."

நான் தரையைப் பார்த்தேன். சாசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்தச் சுவருக்கா மேடம் இவ்வளவு தூரம் வந்தீங்க? இங்க பாருங்க, உளி வெச்சாலே உதிருது!" என்று மூலைக்கு அழைத்துப் போனான். கடைசி மீனின் வால் இருந்த இடத்தில், சுவரின் பலத்தைப் பார்க்க அவன் முன்பே ஒரு பள்ளம் கொத்தியிருந்தான். 'கொத்தினவனே பூசட்டும்' என்று அத்தை அதை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

ரீம் குனிந்து கைபேசி வெளிச்சத்தைக் காட்டினார். வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம். வெங்காயத்தை நறுக்கியது போல, உள்ளே போகப் போக ஏடு ஏடாக நீலம். ஒவ்வொரு பஸ்காவின் மீனும் அங்கேயே இருந்தது.

"இதைக் கொத்தினது யாரு?"

"நான்தான் மேடம்!"

"ரொம்ப நன்றிங்க. நீங்க கொத்தலேன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது." அத்தையிடம் திரும்பினார். "கண்டிப்பா காப்பாத்த வேண்டிய சுவர்மா. இனிமே யாரும் இது மேல வெள்ளை அடிக்கவே கூடாது."

"அப்ப அவன் கடையே வைக்கட்டும்," என்றாள் அத்தை. "அழுக்குச் சுவரோட நான் பஸ்கா கொண்டாட மாட்டேன்."

சாசியின் முகம் மலர்ந்தது. ரீம் ஓர் அப்பத்துண்டைக் கடித்து, மெதுவாக மென்று முடித்தார்.

"சரிம்மா. வருஷாவருஷம் வெள்ளை அடிக்கணும், மீன் வரையணும். அதையே விதியா எழுதிடறேன்."

பண்டிகை முடிந்த மறுநாள் சாசி பள்ளத்தைப் பூசினான். அத்தை நான்கு மீன்களை வரைந்துவிட்டு, தூரிகையை அவன் கையில் திணித்தாள்.

"அஞ்சாவது உன்னோடது. நீதானே அதோட வாலைக் கொத்தினே?"

அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தான். செருப்புக்குக் கண் வைத்தது போல ஒன்று வந்தது.

"அளந்து மேடத்துக்கு அனுப்புங்க அண்ணி," என்றான்.

அளந்தேன். அனுப்பலாமா என்றுதான் தெரியவில்லை. அத்தையைப் பார்த்தேன்.

"அனுப்பு," என்றாள். "அடுத்த பஸ்கா வரைக்கும்தானே."