எட்டாவது மொழி

எனக்கு ஏழு மொழிகள் தெரியும். வாயால் பேசுகிற மொழிகள் இல்லை, கணினிக்கு எழுதுகிறவை. பேசுவதற்கு ஸ்பானிஷ் ஒன்று போதும், திட்டுவதற்கும் அதுவே தாராளம்.

ஏழையும் ஆசைப்பட்டுப் படித்தேன் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். மொண்டேவிடேயோவில் எங்கள் கம்பெனி, வெளிநாட்டு கிளையன்ட்களுக்கு ஆட்களை வாடகைக்கு விடுகிற கம்பெனி. புது கிளையன்ட் வந்தால் புது மொழி கேட்பான். மேலாளர் நெல்சன் நேரே என் மேசைக்கு வருவான்.

"இவோன், உனக்குத்தான் சட்டுனு வந்துரும். மூணு வாரம் போதும்ல?"

பதினோரு வருஷமாக இந்த மூன்று வாரம்தான் என் பிழைப்பு. பக்கத்து மேசை வில்மர், வெந்நீர் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிரிப்பான். அவனுக்குத் தெரிந்தது ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றே ஒன்று.

"நான் ஒரே பொண்டாட்டியோட குப்ப கொட்டறவன். நீதான் வருஷா வருஷம் கல்யாணம் பண்ணிக்கறே."

"மாப்பிள்ள பாக்கறது நெல்சன்டா. என்ன எவன் கேக்கறான்?"

காலையில் எங்களுக்குள் மாத்தே என்கிற கசப்புத் தேநீர் சுற்றும். ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். குடித்துவிட்டு வில்மரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்கு நீட்டுவான். போதும் என்கிறவர் கொடுக்கும்போது நன்றி சொல்லிவிட வேண்டும். சொல்லாதவரை முறை வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் நான் ஐந்து வாரமாக எந்த கிளையன்ட்டும் இல்லாமல் பெஞ்சில் இருந்தேன். இரண்டு மாதம் தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போதுதான் ஒரு வெளிநாட்டு மருத்துவமனைக் குழுமத்தின் வேலை வந்தது. ஓர் இடம், மூன்று வருஷம், ஜாவாஸ்கிரிப்ட். எனக்கு அது வேண்டும். நான் எழுதியது என் கையிலேயே பழசாவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் ஆறாம் மாதமே யாரோ ஒருவரிடம் போய்விட்டது.

தேர்வு ஒரு மணி நேரம். கிளையன்ட் பக்கத்து அதிகாரி ஒரு பெண்மணி, திரையில் என் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளிகளின் டோக்கன் எண்களை வரிசைப்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முன் ஒன்றரை வருஷம், அடுத்தடுத்து மூன்று கிளையன்ட்களுக்காக, நான் பைத்தான் மொழியில் கிடந்தேன். அங்கே வரிசைப்படுத்து என்றால் சிறியதிலிருந்து பெரியதாக நிற்கவைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் தனியாகச் சொல்லாவிட்டால் எண்ணையும் எழுத்தாகத்தான் பார்க்கும். முதல் இலக்கத்தைப் பார்த்து, நூறை இருபதுக்கு முன்னால் வைத்துவிடும். இது எனக்குத் தெரியும். புதிதாக வந்த இரண்டு பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் கை போன வருஷத்துப் பழக்கத்தில் ஓடிவிட்டது. திரையில் வந்தது: 1, 100, 20, 3.

"அப்ப நூறாவது நோயாளி மூணாவது ஆளுக்கு முன்னாடி போயிடுவாரா?" என்று அவள் கேட்டாள். அரை நிமிஷத்தில் திருத்தினேன். அதற்குள் அவள் ஏதோ குறித்துக்கொண்டுவிட்டாள்.

மறுநாள் நெல்சன் சொன்னான். "ஏழு மொழி இருக்கு, எதுலயும் முழுசா ரெண்டு வருஷம் இல்லயேங்கறா."

"அந்த ஏழயும் படிக்கச் சொன்னது யாரு?"

"அத அவகிட்ட எப்படிச் சொல்றது?"

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். எனக்குக் காட்டிய மரத்தையெல்லாம் நான் வெட்டினேன். காட்டினவனே இப்போது தச்சன் சரியில்லை என்கிறான்.

இடம் வில்மருக்குக் கிடைத்தது. ஒன்பதாம் நாள் அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தான்.

"இவோன், கொஞ்சம் பாரேன். இது என்ன எழவு மொழி?"

பெர்ல். குழுமத்தின் இருபது வருஷத்துப் பழைய நிரல்; அதிலிருந்துதான் இவனுக்கு நோயாளிகளின் நேரப்பதிவுகள் வரவேண்டும். எட்டரைக்குப் பதிந்தவர்கள் எல்லாம் எட்டு மணிக்கு வந்து நிற்கிறார்களாம். மூன்று நாளாக முட்டிக்கொண்டிருக்கிறான்.

நாலு வருஷத்துக்கு முன் ஓர் உரக் கம்பெனிக்காக மூன்று வாரத்தில் படித்தது. பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டேன். "08:30"ஐ எண்ணாக எடுத்துக்கொள் என்றால் பெர்ல் முன்னால் இருக்கிற எட்டை எடுத்துக்கொள்ளும், மீதியைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

"அடிப்பாவி," என்றான் வில்மர். "நான் உன் பேரச் சொல்லிடுவேன், பாத்துக்க."

சொன்னதைச் செய்தான். பொய் சொல்வானேன், எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. படித்தது வீண்போகவில்லை என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் காலை, மாத்தே சுற்றிக்கொண்டிருக்கும்போது நெல்சன் முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தான்.

"இவோன், உன்னக் கேக்கறாங்க."

"மூணு வருஷத்துக்கா?"

"ஆறு வாரம். அந்தப் பழசு முழுக்கப் படிச்சு, எது என்ன பண்ணுதுன்னு வில்மருக்குச் சொல்லணும். அவன் அத ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதிட்டா பெர்ல தூக்கிப் போட்டுருவாங்க."

"அப்புறம் நானு?"

"உன்ன விட்டுருவேனா? ஒரு துறைமுகக் கம்பெனி வருது, ரஸ்ட்ங்கற மொழி தெரிஞ்ச ஆள் கேக்கறான். உனக்குத்தான் சட்டுனு..."

வில்மர் தலையைக் குனிந்துகொண்டு குடுவையை என்னிடம் நீட்டினான். எனக்குத் தெரிந்ததைக் கொண்டே எனக்கு வேலை இல்லாமல் செய்கிற வேலை. அதற்குப் பரிசு இன்னொரு மூன்று வாரம். குழல் சளசளக்கும்வரை உறிஞ்சினேன். நன்றாகக் கசந்தது.

"ஆறு வாரம் செய்றேன்," என்றேன். "எட்டாவது படிக்க மாட்டேன். ஜாவாஸ்கிரிப்ட்ல ஏதாவது வந்தா சொல்லு, வெறும் கத்துக்குட்டி வேலையா இருந்தாலும் பரவால்ல. அதுலயே கிடக்கறேன்."

"பெஞ்சு ரெண்டு மாசம்தான், இவோன். அப்புறம் என் கையில இல்ல."

"தெரியும்."

குடுவையை வில்மரிடம் கொடுத்தேன். "நன்றி" என்றேன்.

அவன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். பிறகு வெந்நீர் ஊற்றி, என்னைத் தாண்டி நெல்சனிடம் நீட்டினான்.