கொக்கி காலி

இது எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தொற்றுக்காலம் முடிந்து ஆலைகள் மறுபடி முழு ஷிப்ட் ஓடத் தொடங்கியிருந்த சமயம் என்று நினைக்கிறேன். கோடையா, மழைக்கு முந்தைய புழுக்கமா என்பதும் கலங்கலாகத்தான் இருக்கிறது. அந்தக் கைக்குட்டை நீலக் கட்டம் போட்டது என்று ஜெயராஜ் சொன்னான். பச்சை என்று அவன் மனைவி சாராள் சொன்னாள். தைத்தவள் அவள்தான், அதனால் பச்சை என்றே வைத்துக்கொள்கிறேன். மற்றதை அவரவர் சொன்னபடி சொல்லிவிடுகிறேன்.

ஜெயராஜுக்கு வள்ளூரில் வீடு, கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறுவான். உலையில் பழுத்த இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுக்கிற மில் அது. மேலே பேனல் ரூமில் உட்கார்ந்து அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஜெயராஜின் பொறுப்பு. பச்சைப் பொத்தானை அழுத்தினால் உருளைகள் சுழலும். கூடவே, உருளைகளுக்கு அடியில் இருக்கும் குழியில் ஒரு கனத்த சங்கிலி ஓடும். சிவந்த இரும்பிலிருந்து உதிரும் செதில்களை அந்தச் சங்கிலிதான் வாரிக்கொண்டு போகும். செதில் இறுகி அடைத்துக்கொண்டால் மில்லை நிறுத்திவிட்டு ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டவேண்டும்.

இறங்குகிறவன் தன் அடையாள அட்டையைக் கழற்றிப் பேனல் ரூம் வாசலில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். கொக்கியில் அட்டை தொங்கும்வரை யாரும் பொத்தானைத் தொடக்கூடாது. எந்த மானேஜரும் சொல்லி வந்த பழக்கமில்லை, ஆட்களே தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டது. கொக்கி காலியானதும் ஜெயராஜ் வாக்கி-டாக்கியில், "கொக்கி காலி. ஷ்யூரா?" என்பான். கீழேயிருந்து ஃபிட்டர் லோகநாதன், "ஷ்யூர்" என்பான். அதன் பிறகுதான் மில் ஓடும்.

ஜெயராஜ் ஒரு முறையோடு விடமாட்டான். இரண்டாவது முறை கேட்பான், சில நாள் மூன்றாவது முறையும். அவனுக்கு 'ஷ்யூர் ஜெயராஜ்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"இன்னாண்ணே, பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்டித்தான் மூணு தபா கேட்டியா?" என்பான் லோகு.

"கேட்டேன். அவ மொத தபாவே சரின்னுட்டா."

"அதான் இன்னிக்கு வரைக்கும் அனுபவிச்சிக்கினு கீறா."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஜெயராஜும் சிரிப்பான். ஆனால் திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, யாரோடும் பேசாமல் அந்தச் சொல்லையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருப்பான். காண்ட்ராக்டர், "அடுத்த மாசம் ஷ்யூரா பர்மனென்ட் பண்றேன்" என்பார். அடுத்த மாதமும் அதையேதான் சொல்வார். சூப்பர்வைசர் வீரராகவனிடம் லீவு கேட்டால், ஒரு 'ஷ்யூர்' என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம், 'ஷ்யூர் ஷ்யூர்' என்று இரண்டாக வந்தால் கிடைக்காது. எதிர்சீட்டுக்காரன் நாளைக்கு இடம் போட்டுவைப்பதாகச் சொல்லும் 'ஷ்யூர்' பொன்னேரி தாண்டுவதற்குள் அவனுக்கே மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கறி வைப்பாயா என்று கேட்டால் சாராள், "ஷ்யூர் சார்" என்பாள். நீ போய் வாங்கிக்கொண்டு வா என்பதுதான் அதன் பொருள்.

இத்தனை வாயில் புரண்டு தேய்ந்த அதே சொல், ஒரு மனிதனின் காலுக்கும் அந்தச் சங்கிலிக்கும் நடுவே ஒற்றைத் தடுப்பாக நிற்கிறது என்று நினைக்கும்போது அவனால் சீட்டில் உட்கார முடியாது. எழுந்து கதவோரம் போய் நிற்பான். இன்னும் இறங்கவேண்டிய இடம் வந்திருக்காது.

சாராளின் தம்பி பென்னி அந்த மில்லில் சேர்ந்தபோது இது இன்னும் மோசமாயிற்று. பென்னி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், முப்பதைத் தாண்டியவன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். வேனை விற்றபின் சும்மா இருந்தவனை ஜெயராஜ்தான் காண்ட்ராக்டில் சேர்த்துவிட்டான். முதல் நாள் இருவருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டே சாராள் கேட்டாள்.

"குழில எல்லாம் எறக்குவாங்களாமே. நீ மேல தான இருப்ப? பாத்துக்குவியா?"

"பாத்துக்குறேன்."

"ஷ்யூரா?"

"ஷ்யூர்," என்றான் ஜெயராஜ். சொல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. காண்ட்ராக்டர் சொல்வதுபோலவே இருந்தது அவன் காதுக்கு. அன்று பையை எடுக்க மறந்து பாதி வழியில் திரும்பி வந்தான்.

பென்னிக்கு அடையாள அட்டை வரவில்லை. புதிதாகச் சேர்ந்த காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அது எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதுவரை கேட்டில் பெயரைச் சொல்லி உள்ளே வரவேண்டும். அட்டை இல்லாதவனைக் குழிக்கு அனுப்புவதில்லை என்பதால் பென்னி உலைப் பக்கம் வேலை செய்தான். கொக்கியில் எதை மாட்டுவது என்ற கேள்வி எழவேயில்லை.

அந்த நாள் சாப்பாட்டு வேளை முடிந்த சமயம், சங்கிலி அடைத்துக்கொண்டது. ஜெயராஜ் மில்லை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் சூடேறிக் கிடந்த ஸ்விட்ச் பெட்டியைப் பார்க்கப் போனான். கீழே ஆள் குறைவு. வீரராகவன் நின்றுகொண்டு அவசரப்படுத்தினார். லோகு ஓர் ஒடிசாக்காரரையும் பென்னியையும் குழிக்கு அனுப்பிவிட்டு, உலைக் கதவில் உடைந்த கொண்டிக்கு மாற்று எடுக்க ஸ்டோருக்கு ஓடினான். ஒடிசாக்காரர் தன் அட்டையைக் கொக்கியில் மாட்டினார். பென்னி கழுத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து, அட்டைக்குப் பக்கத்தில் செருகிவிட்டு இறங்கினான்.

ஜெயராஜ் திரும்பி வந்தபோது கை முழுக்க கிரீஸ். வாசலில் ஒரு துணி தொங்கியது. அதில் கையைத் துடைத்தான், கசக்கிக் கழிவுத் துணி டிரம்மில் போட்டான். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒடிசாக்காரர் ஏறி வந்து அட்டையை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். லோகு ஸ்டோரிலிருந்து வந்துவிட்டான்.

ஜெயராஜ் வாக்கியை எடுத்தான். "கொக்கி காலி. ஷ்யூரா?"

"ஷ்யூர்."

"ஷ்யூரா லோகு?"

"ஷ்யூர்ண்ணே. பேஜாரு பண்ணாத."

வீரராகவன் பேனல் ரூமுக்கே ஏறி வந்துவிட்டார். "ஜெயராஜ், உலையில இரும்பு வெந்துகினு கெடக்குது. இனிமேட்டு ஒன் மந்திரத்துக்கெல்லாம் டைம் இல்ல. இன்னொரு தபா இப்டி லேட் ஆச்சுன்னா பேனல வேற ஆளு பாப்பான். நீ யார்டுக்குப் போய் லாரி எண்ணலாம்."

"போடறேன் சார்."

நெற்றியில் வழிந்த வேர்வையைத் துடைக்கத் தன் கைக்குட்டையை எடுத்தான். வீட்டில் மிஞ்சும் துணியைச் சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தைப்பது சாராளின் வழக்கம். கடையில் வாங்கும் கைக்குட்டைபோல் மெல்லிசாக இருக்காது. ஓரம் தடித்து, விரலில் கயிறுபோல் உருளும். புருஷனுக்கும் தம்பிக்கும் ஒரே துணியில்தான் தைப்பாள்.

அந்த ஓரம் விரலில் உருண்டபோது அவன் கை நின்றது. இதே தடிப்பை இதே விரல்கள் சற்று முன்பு தொட்டிருந்தன. கழிவுத் துணிக்கு ஓரம் ஏது?

"லோகு," என்றான் வாக்கியில். "நீ கண்ணால பாத்தியா?"

வாக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நான் ஸ்டோர்ல இருந்தேண்ணே," என்றான் லோகு கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நீதான கொக்கி காலின்ன. அதனாலதான் ஷ்யூர்ன்னேன்."

நீ சொன்னதால் நான் சொன்னேன். நான் சொன்னதால் நீ சொன்னாய். இத்தனை வருஷமும் இப்படித்தானா? ஜெயராஜ் மெயின் ஸ்விட்சின் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வீரராகவன் பின்னால் ஏதோ கத்தினார். ஜெயராஜ் படிகளில் தடதடவென்று இறங்கிக் குழிக்குப் போனான்.

குழி திரும்பும் மூலையில், காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, சங்கிலியின் மேலேயே கால்வைத்து நின்று சுரண்டிக்கொண்டிருந்தான் பென்னி. தோளைத் தொட்டதும் திரும்பினான்.

"இன்னா மாமா, நீ ஏன் எறங்கி வந்த? டீ கொண்டாந்தியா?"

ஜெயராஜ் அவன் கையைப் பிடித்து மேலே இழுத்தான். மேலே வந்தபிறகும் கையை விடவில்லை.

"வுடு மாமா, எல்லாரும் பாக்குறாங்க," என்றான் பென்னி.

அன்று சாயங்காலம் பென்னி அக்காவின் வீட்டில் உட்கார்ந்து கதையைச் சொன்னான். மாமா இல்லாவிட்டால் தன்னை மூட்டையில்தான் கட்டியிருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சாராள் அவனை அடிப்பதுபோல் கையை ஓங்கிவிட்டு, புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். ஜெயராஜ் தட்டிலிருந்த சோற்றை ஓரம் ஒதுக்கிக்கொண்டே இருந்தான்.

"நான்தான் அத்த எடுத்து கை தொடச்சேன்," என்றான்.

"எத்த?"

"அவன் கைக்குட்டைய. தொடச்சித் தூக்கிப் போட்டுட்டேன். அப்பறம் கொக்கி காலின்னு நானே சொன்னேன்."

பென்னியின் சிரிப்பு நின்றது. சாராள் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள்.

"நாளைக்கு இவன் போலாமா?" என்று கேட்டாள்.

ஜெயராஜின் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்தது. விழுங்கினான்.

"தெரியல சாராளு. எனக்குத் தெரியல."

அவள் தலையசைத்தாள். "அன்னிக்கும் இத்த சொல்லியிருந்தா நான் இவன அனுப்பியிருக்க மாட்டேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

பென்னி மறுநாள் போகவில்லை. இப்போது வள்ளூர் அனல்மின் நிலையத்து ஆட்களை ஏற்றும் வேன் ஓட்டுகிறான். வீரராகவன் வேறு கம்பெனிக்குத் தடா பக்கம் போய்விட்டார். லோகு அதே மில்லில் ஃபிட்டராக இருக்கிறான். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாத்துட்டேன்" என்கிறான். ஜெயராஜ் யார்டில் லாரி எண்ணுகிறான். யாரும் அனுப்பவில்லை, அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. சாராள் இன்னும் கைக்குட்டை தைக்கிறாள்.