கில்பர்ட்டுக்கு யாரும் பயிற்சி தரவில்லை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. கோலாலம்பூர்ப் பதிப்பாளர் ஒருவர் இளையோருக்கு நாவல் கேட்டார். எதிர்கால உலகம், கொடுங்கோல் அரசு, கொலை செய்யப் பழக்கப்பட்ட பதின்ம வயதுப் பிள்ளைகள். "இப்ப பிள்ளைங்க இதத்தான் இங்கிலீஷ்ல படிக்கிறாங்க டீச்சர். நம்ம தமிழ்ல குடுப்போமே" என்றார்.

நான் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு கடைவீட்டு மாடியில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் நடத்துகிறவள். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள். சரி என்றேன். என் முதல் தொடக்கம் இது:

ஆண்டு 2091. வட மண்டலத்தின் இரும்புக் கோட்டையில் பதினாறு வயது வெண்பா தன் முதல் கொலைக்காகக் காத்திருந்தாள். அவள் விழிகளில் பயம் இல்லை. அவள் விழிகளில் —

அவள் விழிகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. [விட்டுவிட்டேன்.] இரண்டாவது தொடக்கம்:

கோட்டையைச் சுற்றிப் பனி. பனிக்கு அப்பால் எண்ணெய்ப்பனை மரங்கள் —

[பனி பெய்கிற இடத்தில் எண்ணெய்ப்பனை வளராது. அடித்தேன்.]

நீங்கள் இப்போது படிப்பது அந்த நாவல் அல்ல. அதை நான் ஏன் எழுதவில்லை என்கிற கதை. கோபத்தோடு எழுத உட்காரக்கூடாது என்பார்கள். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை.

2

மூன்றாவது தொடக்கத்தோடு முதல் அத்தியாயம் ஒருவழியாக முடிந்தது. அதை வகுப்பில் வாசித்தேன். வெண்பா கயிற்றில் ஏறினாள், விஷம் கலக்கப் படித்தாள், இருட்டறையில் பசியோடு கிடந்து மனத்தைக் கல்லாக்கினாள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிஃபனி மட்டும் கையைத் தூக்கினாள். பதினாறு வயது, கட்டுரை எழுதுவதில் கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டாள்.

"டீச்சர், இவுங்களுக்கு எதுக்கு இவ்ளோ ட்ரெய்னிங்?"

"கொலை பண்ணணும்ல. லேசான காரியமா?"

"லேசுதான் டீச்சர்" என்றாள். "எங்க அண்ணனுக்கு ஒண்ணுமே கத்துக்குடுக்கல. மோட்டர் பின்னாடி ஏறி உக்காருன்னாங்க. உக்காந்தான்."

மற்றப் பிள்ளைகள் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். அவள் அண்ணன் கில்பர்ட்டை அங்கே தெரியாதவர்கள் இல்லை. அன்றைக்கு அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

3

கில்பர்ட்டின் கதையை நேராகச் சொல்லிவிடுகிறேன். இதில் உத்தி எதுவும் வேண்டாம்.

தோட்டம் மூடியதும் லயத்து வரிசைவீட்டுக் குடும்பங்களை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். [தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இங்கே எல்லாத் தோட்டத்துக்கும் இதே கதைதான்.] பிள்ளைகளுக்கென்று வீடுகளுக்குக் கீழே ஒரு திடலை விட்டார்கள். வேறொன்றும் செய்யவில்லை. அந்தத் திடலில் சசிகுமார் என்பவர் பந்து விளையாட்டுக் குழு ஆரம்பித்தார். பையன்களுக்கு ஜெர்சி வாங்கித் தந்தார், பூட்ஸ் வாங்கித் தந்தார். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு ஓட்டிப் பழக மோட்டர் சைக்கிள் தந்தார். கில்பர்ட்டின் தகப்பன் எப்போதோ பிரிந்து போனவர். தாய் முரியல் இருட்டு விலகுமுன் தொழிற்சாலை பஸ் ஏறி செரண்டாவுக்கு வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர். மகன் திடலில் இருக்கிறான் என்றால் நல்ல இடத்தில் இருக்கிறான் என்று நினைத்தார்.

கோலசிலாங்கூரில் டயர் கடை வைத்திருந்த செல்லையா, திருட்டு மோட்டர்களைத் தன் கடைக்குக் கொண்டுவரக் கூடாது என்று சசிகுமாரின் ஆட்களிடம் சொன்னவர். சொன்னதோடு நிற்காமல் போலீசில் புகாரும் கொடுத்தார். ஒரு மத்தியானம் கில்பர்ட்டை மோட்டரில் ஏற்றிக்கொண்டு ஒருவன் அங்கே போனான். போகிற வழியில்தான் பாராங்கத்தியைக் கையில் கொடுத்தானாம். "சும்மா காட்டு. பயந்துருவாரு." செல்லையா பயப்படவில்லை. பையனின் கையைப் பிடித்தார். கில்பர்ட் கையை உதறிக் கத்தியை வீசினான்.

வீட்டுக்கு வந்தவன் போட்ட துணியோடு குழாயடியில் நின்றதை டிஃபனி பார்த்தாள். முரியல் வேலை முடிந்து வந்தார். என்ன என்று கேட்டார், சொன்னான். வேறு சட்டை மாட்டச் சொல்லி, மகனைத் தானே நடத்திக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார். வழியில் அவன் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, அவரு பொழச்சிருவாருல்ல?"

செல்லையா பிழைக்கவில்லை.

4

இந்த இடத்தில் பதிப்பாளரைக் கூப்பிட்டு, நாவலை இப்படி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். நம்ம பிள்ளைங்கள இப்படிக் காட்டுனா தப்பாப் போயிரும். மத்தவங்க என்ன நெனப்பாங்க?"

காட்டினால் தப்பு. கத்தியைக் கையில் கொடுத்தது பற்றி அவருக்குக் கருத்து இல்லை. "அப்புறம் அந்த வில்லன்" என்றார். "ரொம்ப சாதுவா இருக்காரு. முகத்துல ஒரு தழும்பு, இரும்புக் கை, ஏதாச்சும் வைங்க."

தழும்பு வைத்தும் எழுதிப் பார்த்தேன்:

தளபதியின் வலக் கன்னத்தில் ஓடிய நீண்ட தழும்பு, அவன் சிரிக்கும்போது —

சசிகுமாருக்குத் தழும்பு கிடையாது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். யாரைப் பார்த்தாலும் "சாப்டீங்களா?" என்று கேட்பார். செல்லையாவின் சாவு வீட்டுக்குப் பெரிய மலர் வளையத்தோடு போய், அவர் மனைவி பிரேமலாவின் கையைப் பிடித்து அழுதவர். அதே வாரம் கில்பர்ட்டுக்கு வழக்கறிஞர் ஒருவரை அனுப்பியவரும் அவரே. முரியல் கேட்கவில்லை. அந்த வழக்கறிஞர் பையனிடம் மிகவும் அக்கறையாகச் சொன்னாராம்: "அம்மாவும் தங்கச்சியும் அதே ப்ளாட்லதான் இருக்காங்க. பாத்துப் பேசு தம்பி." காவலில் பார்க்கப் போன தாயிடம் கில்பர்ட் இதைச் சொல்லிவிட்டு, விசாரணையில் யார் பெயரையும் சொல்லவில்லை.

ஒரு கதாபாத்திரமாக சசிகுமாரை எழுதினால் நம்பமாட்டீர்கள், மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். நேரில் நம்புகிறீர்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்கள்.

5

வட்டாரத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் கட்டுரைப் போட்டியில் டிஃபனிக்கு முதல் பரிசு கிடைத்தது. சனிக்கிழமை காலை, மண்டபம் நிறையக் கூட்டம். நானும் போயிருந்தேன். பரிசு வழங்க அழைத்தது யாரை என்று மேடைக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. "நமது சமூகச் சேவையாளர்" என்றார் அறிவிப்பாளர். சசிகுமாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

டிஃபனி பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். அவர் பரிசுப் பொட்டலத்தை நீட்டிப் படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தார். அவள் கையை உயர்த்தவில்லை. பக்கத்தில் ஒலிவாங்கி இருந்ததால் அவள் மெதுவாகப் பேசியது கடைசி வரிசை வரை கேட்டது.

"எங்க அண்ணன மோட்டர்ல ஏறச் சொன்னது நீங்கதான். அவன் ஒங்க பேரச் சொல்லல. நான் சொல்றேன்."

[நாவலின் வரைவில் வெண்பா இந்த இடத்தில் கத்தியை எறிந்தாள். எழுதும்போது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன்.]

சசிகுமார் கோபப்படவில்லை. ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். "பாவம், பிள்ளைக்கு மனசு ஒடஞ்சு போயிருக்கு. இந்தக் குடும்பத்துக்காக நாம எல்லாரும் வேண்டிக்குவோம்" என்றார்.

மண்டபம் கைதட்டியது. அவருக்குத் தட்டியது. இதை நான் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். சிலர் தட்டவில்லை என்று சேர்த்தேன், பலர் தலை குனிந்தார்கள் என்று சேர்த்தேன். எல்லாம் பொய். தட்டினார்கள்.

டிஃபனி வெறுங்கையோடு இறங்கி வந்தாள். வாசலில் முரியல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒருத்தனக் குடுத்துட்டு நிக்கிறேன். ஒன்னையும் குடுக்கச் சொல்றியா?"

6

அதற்குப் பிறகு டிஃபனி டியூஷனுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் இருக்கும்போதே கதவைத் தட்டி ஒரு பெண் வந்தார். செல்லையாவின் மனைவி பிரேமலா. முரியலுக்கு உட்காரச் சொல்லக்கூட வாய் வரவில்லை. பிரேமலாவும் உட்காரவில்லை.

"நான் ஒங்க மவன மன்னிக்க வரல" என்றார். "அத எங்கிட்ட கேக்காதீங்க. இந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்." டிஃபனியைப் பார்த்தார். "மேடையில சொன்னத போலீஸ் பாலாய்ல போயிச் சொல்லுவியா?"

"அவ சின்னப் பிள்ளங்க" என்றார் முரியல்.

"என் வீட்டுலயும் சின்னப் பிள்ள இருக்கு. அப்பா எங்கன்னு கேக்குது."

டிஃபனி சுவரில் சாய்ந்து நின்றபடி சொன்னாள்: "நான் காதால கேட்டேன் ஆன்ட்டி. அன்னைக்கு சசிகுமார் கீழ படிக்கட்டுகிட்ட அண்ணன்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாரு. சாயங்காலம் வேணாம், மத்தியானமே போயிட்டு வந்துருங்கன்னு சொன்னாரு. நான் துணி எடுக்க எறங்குனேன். என்னப் பாத்து சாப்டியான்னு கேட்டாரு."

முரியல் இதை அதுவரை கேட்டிருக்கவில்லை. எழுந்து உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், காடி கொண்டாந்திருக்கீங்களா?"

காரில் நால்வரும் போனோம். முரியலும் பிரேமலாவும் பின்னால், ஆளுக்கொரு சன்னலைப் பார்த்தபடி.

அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் மலாயில் அவர் சொன்னதன் சாரம் இது: குற்றவாளியின் தங்கை ஒருத்தி சொல்வது மட்டும் நிற்காது, அண்ணனைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று சசிகுமார் தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். அன்றைக்கு சசிகுமாரை அங்கே பார்த்த, கேட்ட வேறு ஒருவர் வேண்டும்.

சசிகுமாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார். முரியல் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கே என்று எழுதமாட்டேன். இதில் உள்ள பெயர்களும் உண்மைப் பெயர்கள் அல்ல.

7

முடிவுகள்.

பதிப்பாளர் விரும்பிய முடிவு: கோட்டை எரிகிறது, வெண்பா புகையிலிருந்து நடந்து வருகிறாள், இரண்டாம் பாகத்துக்கு இடம் இருக்கிறது. அதை அவர் வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

நான் விரும்பிய முடிவு: வழக்கு நாளில் கில்பர்ட் கூண்டில் தலை நிமிர்ந்து —

நிமிர்வானா என்று தெரியவில்லை. வழக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் செய்ததற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். அதைத் தாயும் மறுக்கவில்லை, தங்கையும் மறுக்கவில்லை.

தானாக நடந்துகொண்டிருக்கும் முடிவு: போன வாரம் அந்தப் பக்கம் போனேன். திடலில் புது ஜெர்சி போட்ட பையன்கள். கில்பர்ட்டைவிடச் சின்னவர்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே வெள்ளைச் சட்டை நின்று கைதட்டிக்கொண்டிருந்தது.

இந்த மூன்றையும் நான் முடிவு என்று ஒப்புக்கொள்ளவில்லை. முடிவை வாசகரிடம் விடுவது எழுத்தாளர்களின் பழைய தந்திரம் என்று தெரியும். நான் தந்திரம் செய்யவில்லை. குறிப்பிட்ட சில வாசகர்களிடம் கேட்கிறேன். கீழ்த்தளத்தில் பலகாரம் விற்பவரே, அந்த மோட்டர் உங்கள் கடைக்கு முன்னால்தான் நின்றிருந்தது. முதல் மாடிக்காரரே, படிக்கட்டில் பேச்சுக் குரல் கேட்டதும் நீங்கள் சன்னலைச் சாத்தினீர்கள், டிஃபனி பார்த்திருக்கிறாள். உங்களுக்கும் வளர்கிற பையன்கள் இருக்கிறார்கள். பயம் எனக்கும் இருக்கிறது.

சாட்சி சொல்ல ஒருவர் போதும். தனியாகப் போக வேண்டியதில்லை, பிரேமலா உடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டியூஷன் மாடிக்கு வந்து சொல்லுங்கள், அல்லது ஆள் அனுப்புங்கள். காரைப் பின்பக்கச் சந்தில் நிறுத்துகிறேன். ஹாரன் அடிக்கமாட்டேன்.